லட்சங்கள் போட்டு அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

என் சித்தி மகன் தேவாலயப் பாடகர் குழுவில் பதினைந்து வருஷமாக கிட்டார் வாசிக்கிறான். நல்ல கிட்டார் ஒன்று வாங்கவென்றே பணம் சேர்த்து, போன வருஷம் என்னையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனான். மார்ட்டின் டி-28, கிப்சன் ஜே-45, டெய்லர் 814சிஇ மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. பத்தே நிமிஷத்தில் மார்ட்டின்தான் என்று முடிவு செய்துவிட்டான். நான் கிப்சனின் கம்பியை விரலால் தடவிப் பார்த்தேன். விரல் நுனி கறுப்பானது. மார்ட்டினில் இருந்ததோ புதுக் கம்பி, பளபளவென்று இருந்தது.

அவன் அதுவரை ஒப்பிட்டது கம்பிகளைத்தான். எத்தனை லட்சம் போட்டுச் செய்த கிட்டாராக இருந்தாலும், பல மாதம் பலர் கைபட்டுத் துருவேறிய கம்பியில் அது மந்தமாகத்தான் ஒலிக்கும். எனவே வாங்கும் எண்ணம் உண்மையாக இருந்தால், ஒப்பிட நினைக்கும் எல்லாக் கிட்டார்களுக்கும் ஒரே வகை, ஒரே தடிமன் கம்பி மாட்டச் சொல்லுங்கள். கம்பிக்கான காசை நீங்களே கொடுங்கள். செலவழிக்கப் போகும் தொகைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. 12-வது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளை ஃப்ரெட் என்பார்கள்) கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியையும் ஏறக்குறைய சமமாக வைக்கச் சொல்லுங்கள். தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் பொதுவாகச் சரியாக இருக்கும். இடைவெளி கூடிய கிட்டார் கைக்கு முரடாகத் தெரியும். ‘இது எனக்கு ஒத்துவராது’ என்று நல்ல கிட்டாரை ஒதுக்கிவிடுவோம். சேடிலை, அதாவது உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டை, கொஞ்சம் தேய்த்தால் தீர்கிற விஷயம் அது.

கம்பியை மீட்டும் பிக்கையும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். கடையில் நீட்டுகிற பிக் உங்கள் கைக்குப் பழகியது இல்லை.

அடுத்தது, சத்தமாக ஒலிப்பதே சிறந்தது என்று காது சொல்வதை நம்பிவிடுவது. எந்த இரண்டு ஒலியை அடுத்தடுத்துக் கேட்டாலும் உரத்தது முதலில் மனதைப் பிடித்துக்கொள்ளும். கூடவே, வாசிப்பவருக்குக் கேட்பது வேறு, எதிரில் இருப்பவருக்குக் கேட்பது வேறு. ஒலித் துளை முன்பக்கம் பார்த்திருக்கிறது, உங்கள் காது அதற்குப் பின்னால் இருக்கிறது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போய் வாசிக்கச் சொல்லி, நீங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு கேளுங்கள். எந்தக் கிட்டார் என்று அவர் சொல்ல வேண்டாம்.

அப்படி முதுகைத் திருப்பிக்கொண்டால் கலைகிற முதல் நம்பிக்கை மரத்தின் பெயர். பிரேசில் ரோஸ்வுட் என்றாலே சிலருக்குக் கண் விரியும். மார்ட்டின் நிறுவனமே 1969-ல் பிரேசிலிலிருந்து மரம் வருவது நின்றுபோக, டி-28க்கு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறெதுவும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். நம் தாத்தா வீட்டுக் கட்டிலுக்கும் மேசைக்கும் போன அதே மரம்தான் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்குப் போய் கிட்டாராகிறது. ஆனாலும் 1969-க்கு முந்தைய கிட்டார்களைச் சுற்றி ஒரு மயக்கம் இன்றுவரை தொடர்கிறது.

2018-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே கைவினைஞர் ஒரே அமைப்பில் செய்த ஆறு கிட்டார்கள். பின்பலகையும் பக்கப் பலகையும் மட்டும் ஆறு வெவ்வேறு மரம், பிரேசில் ரோஸ்வுட் முதல் வால்நட் வரை. மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிய 52 பேர் வாசித்து மதிப்பெண் போட்டார்கள். ஆறும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் வாங்கின. டெய்லர் நிறுவனத்தின் பாப் டெய்லர் 1995-ல் சரக்கு அடுக்கும் ஓக் பலகைத் தட்டைப் பிரித்து ஒரு கிட்டார் செய்து காட்டியதும் இதைச் சொல்லத்தான். முன்பலகையை எவ்வளவு மெல்லியதாக இழைத்தார்கள், உள்ளே கட்டைகளை எப்படி ஒட்டினார்கள் என்பதில்தான் ஒலி பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. ஒரே மாடலின் இரண்டு கிட்டார்கள்கூட ஒன்றுபோல் ஒலிக்காததற்கு இது ஒரு காரணம். ஆகவே மாடலின் பெயரைத் தீர்மானித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போடாதீர்கள். உங்கள் கைக்கு வந்த அந்த ஒரு கிட்டாரைத் தேர்ந்தெடுங்கள்.

வெளிநாட்டில் பழைய பிரேசில் ரோஸ்வுட் கிட்டார் வாங்கிக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 1992 முதல் அந்த மரம் சர்வதேசக் கட்டுப்பாட்டின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிக் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டினால் கிட்டாரையே இழக்க நேரலாம்.

சரி, சித்தி மகன் கதைக்கு வருகிறேன். கம்பி மாற்றச் சொல்லிவிட்டு இரண்டு நாள் கழித்துப் போனோம். இந்த முறை நான் அவனைப் பாடிக்கொண்டே வாசிக்கச் சொன்னேன். அவன் கிட்டாரைத் தனியாக வாசிப்பதே இல்லை, எப்போதும் பாட்டுக்குத்தான். டி-28ல் பேஸ் கும்மென்று எழுந்து நின்றது. ஒவ்வொரு கார்டும் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) அடுத்த கார்டு வந்த பிறகும் அடங்காமல் ஒலித்தது. ஜே-45ல் கார்டு சட்டென்று மலர்ந்து சீக்கிரம் அடங்கியது. நான்கு வரி பாடிவிட்டு நிமிர்ந்தான். “அண்ணா, இதுல என் குரல் கேக்குது.”

வீணை கேட்டுப் பழகிய நமக்கு, கார்வை நீளமாக இருந்தால் நல்ல வாத்தியம் என்று ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கிறது. தனியாக, விரலால் மெதுவாக மீட்டுபவருக்கு அது உண்மை. பாட்டுக்குத் துணையாக எல்லாக் கம்பியையும் சேர்த்து ஸ்ட்ரம் செய்பவருக்கு நீண்ட கார்வை குரலை மூடிவிடும். எது சிறந்த கிட்டார் என்று கேட்பதைவிட, வாரத்தில் ஐந்து நாள் நான் என்ன வாசிக்கிறேன் என்று யோசித்துப் பாருங்கள். கடையில் எல்லோரும் வாசித்துக் காட்டும் பகட்டான துண்டை விட்டுவிட்டு, அந்த ஐந்து நாள் பாட்டையே வாசித்துப் பாருங்கள்.

கம்பியின் நீளத்தையும் பலர் பார்ப்பதில்லை. கழுத்தின் மேல்முனையில் கம்பி தங்கும் நட்டிலிருந்து சேடில்வரை டி-28ல் 25.4 அங்குலம், ஜே-45ல் 24.75. அரை அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். ஆனால் அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றும்போது ஜே-45ல் இழுவிசை சுமார் 5 சதவீதம் குறையும். ஒரு மணி நேரம் பார் கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துவது) பிடித்தால் விரல் அதைச் சொல்லும்.

பழைய கிட்டார் வாங்குவோர் சேடிலின் உயரத்தைக் கவனியுங்கள். கம்பிகளின் இழுப்பு மொத்தம் 70 கிலோவுக்கு மேல். வருஷக்கணக்கில் இழுபட்டு நெக்கின் (கழுத்தின்) கோணம் மாறியிருந்தால், கம்பியைத் தாழ்த்துவதற்காகச் சேடிலைத் தேய்த்துத் தேய்த்து விளிம்பளவு விட்டிருப்பார்கள். ‘ட்ரஸ் ராடைத் திருகினால் சரியாகிவிடும்’ என்பார்கள், நம்பாதீர்கள். நெக்குக்குள் இருக்கும் அந்த உலோகத் தண்டு அதன் வளைவைத்தான் மாற்றும், கோணத்தை மாற்றாது. நெக்கைக் கழற்றித் திரும்பப் பொருத்துவது பெரிய வேலை, பெரிய செலவு.

கடைசியாக, சென்னை போன்ற கடலோர ஊர்களில் அதிகம் பேர் ஏமாறும் இடம் ஈரப்பதம். இந்தக் கிட்டார்கள் 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்துச் செய்யப்படுபவை. முன்பலகையின் தடிமன் மூன்று மில்லிமீட்டர் அளவுதான். ஏசி ஓடும் கடையில் வாசித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தவெளி ஸ்டாண்டில் வைத்தால், இரண்டு வாரத்தில் பலகை ஈரம் குடித்து உப்பும், கம்பி உயரும். கிட்டாரில் குறை என்று நினைத்துவிடுவோம். எனக்கே நடந்தது. ஒரு நவம்பர் மழையில் கம்பி உயர்ந்துவிட்டதென்று பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் சேடிலைத் தேய்த்துத் தாழ்த்திக் கொடுத்தார், வாசிக்கச் சுகமாக இருந்தது. மார்ச்சில் பெங்களூருக்கு எடுத்துப் போனேன். காய்ந்த காற்றில் பலகை இறங்கியது, முதல் ஐந்து ஃப்ரெட்டும் கரகரவென்று இரைந்தன. தேய்த்த எலும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

இணையத்தில் அமெரிக்கர்கள் சொல்கிறார்களே என்று ஒலித் துளைக்குள் ஈரப் பஞ்சு தொங்கவிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அது குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டுக் காய்ந்துபோகும் அவர்கள் வீட்டுக்கான வைத்தியம். இங்கே எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது போல ஆகிவிடும்.

சித்தி மகன் ஜே-45ஐ வாங்கிய கையோடு ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரும் வாங்கினான். அவன் படுக்கையறையில் அது 74 சதவீதம் காட்டியது. கிட்டார் இப்போது வாசிக்காத நேரமெல்லாம் கேஸுக்குள், ஈரத்தை வாங்கவும் விடவும் செய்கிற பாக்கெட்டோடு இருக்கிறது. கேஸுக்குள்ளேயே ஒரு சின்ன உறையில் இன்னொரு எலும்புச் சேடில், மழை மாதங்களுக்கென்று கொஞ்சம் தாழ்வாகச் செய்து வைத்தது.