பாட்டியைப் பசு என்று எழுதினால்

மகன் தொடக்கநிலை ஐந்தில் படித்தபோது ஆங்கிலக் கட்டுரையில் பாட்டியைப் பற்றி எழுதினான். "மை கிராண்ட்மதர் இஸ் லைக் எ கௌ." ஆசிரியை சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் பெரிய கேள்விக்குறி ஒன்றும் போட்டிருந்தார். அவனுக்கு ஏன் என்றே புரியவில்லை. வீட்டில் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம்: "அவங்க பசு மாதிரி, யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டாங்க." ஆங்கிலத்தில் ஒரு பெண்ணைக் கௌ என்றால் அது வசவு.

இயற்கையிலிருந்து ஆங்கிலச் சொற்களைச் சேர்க்கும்போது நாம் அதிகம் சறுக்குவது இங்கேதான். பெயர் தெரிந்தால் சொல் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பெயரோடு அவர்கள் மொழியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணம் வேறு. கிளியை எடுத்துக்கொள்ளுங்கள். 'சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை' என்று நாமும் கேலி செய்வதுண்டு. ஆனால் குழந்தையின் மழலையைக் கிளிப்பேச்சு என்று கொஞ்சவும் செய்வோம். ஆங்கிலத்துப் பேரட்டுக்கு அந்தக் கொஞ்சல் கிடையாது. வினைச்சொல்லாக வந்தால் புரியாமல் ஒப்பிப்பது என்றுதான் பொருள். ஆந்தையோ நேர்மாறு. நம் ஊரில் அலறினாலே அபசகுனம், அங்கே 'வைஸ் ஓல்ட் அவுல்' என்றால் பாராட்டு. மழையும் அப்படித்தான். நமக்கு மழை வரம், ஆங்கிலத்தில் 'ரெய்னி டே' என்பது கையில் காசில்லாத கஷ்ட காலம். நல்லவரை மழையோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதினால், படிப்பவர் கொஞ்சம் குழம்புவார். ஒரு மனிதரை விலங்கோடோ வானத்தோடோ ஒப்பிடும் முன், அது அந்த மொழியில் புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, பெயர்ச்சொல்லை மட்டும் மனப்பாடம் செய்வது. தமிழில் தென்னை மரத்தில் இடி விழும். அதனால் 'தண்டர் ஃபெல்' என்று நானே பள்ளியில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் தண்டர் என்பது வெறும் சத்தம், அது உறுமும், அதிரும். மரத்தைத் தாக்குவது லைட்னிங், அதற்குரிய வினை ஸ்ட்ரைக். (எழுத்துக்கூட்டும்போது 'டி'க்குப் பிறகு ஒரு 'ஈ' நுழைந்துவிட்டால் மின்னல் போய்விடும், எடையைக் குறைப்பது அல்லது நிறத்தை வெளிற வைப்பது என்றாகிவிடும்.) அப்புறம், நமக்குப் பலத்த மழை, பலத்த காற்று இரண்டுக்கும் ஒரே அடைமொழி. அவர்களுக்கு மழை ஹெவி, காற்று ஸ்ட்ராங். மாற்றிப் போட்டால் அர்த்தம் புரியும், ஆனால் காதில் உறுத்தும். நோட்டில் ரெயின் என்று தனியாக எழுதாமல் 'ஹெவி ரெயின்' என்று ஜோடியாகவே எழுதச் சொல்கிறேன்.

கிட்டத்தட்ட ஒரே பொருள் என்று நினைத்து ஒன்றுக்கு இன்னொன்றைப் போடுவதும் உண்டு. மழை விட்ட காலையில் இங்கே சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் மேல் மெல்லிசாகத் தவழ்வது மிஸ்ட். அதுவே அடர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதுகூடத் தெரியாமல் போனால் ஃபாக். ஹேஸ் நீர்த்துளியே அல்ல, காட்டுத்தீப் புகையின் துகள்கள். 2013 ஜூன் 21 அன்று இங்கே காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டதே, அந்த நாளை 'மிஸ்டி' என்று எழுதினால் முகக்கவசத்தோடு அலைந்தவர்கள் சும்மா விடமாட்டார்கள். மான்சூனிலும் இதே குழப்பம். பருவமழை என்றே சொல்லிப் பழகியதால் மான்சூன் என்றால் மழை என்று நினைக்கிறோம். உண்மையில் அது பருவத்தோடு திசை மாறும் காற்று. பிப்ரவரியில் மழை குறைந்து காற்று மட்டும் வீசும்போதும் சிங்கப்பூரில் வடகிழக்கு மான்சூன்தான் நடந்துகொண்டிருக்கும்.

கூட்டப் பெயர்களில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். காக்கைக் கூட்டம் 'மர்டர்' என்பதெல்லாம் புதிர்ப் போட்டிக்குச் சரி. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நீர்நாய்களைப் பார்த்து நிற்பவர்கள் 'ஆட்டர் ஃபேமிலி' என்றுதான் சொல்கிறார்கள்.

மரப் பெயர்களைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதும் ஆகாது. நமக்குத் தூங்குமூஞ்சி மரம், ஆங்கிலத்தில் ரெயின் ட்ரீ. மாலையில் இலை மூடிக்கொள்வதால் மலாயில் அதற்குப் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி, என்றும் ஒரு பெயர். மகன் 'ஸ்லீப்பி ஃபேஸ் ட்ரீ' என்று எழுதினான். தேசியப் பூங்காக் கழகத்தின் 'ட்ரீஸ் டாட் எஸ்ஜி' வரைபடத்தில் சாலையோர மரங்கள் பலவற்றின் பெயர் இருக்கிறது. போன ஞாயிறு இருவரும் உட்கார்ந்து தேடினோம். எங்கள் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி நிற்பது ஆங்சானாவாம். பத்து வருடமாக நான் அதை 'பிக் ட்ரீ' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.