பழைய அம்பாசிடருக்கு வீட்டிலேயே முழு வயரிங்: கோத்தகிரி ஈரத்தில் கற்றுக்கொண்டது

கோத்தகிரி மலை ரோட்டில் குஞ்சப்பனை தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன. நவம்பர் மாதம், சாயங்காலம் ஆறரை மணி, முன்னால் பத்தடிகூடத் தெரியாத பனி. டேஷ்போர்டு அடியிலிருந்து ரப்பர் கருகும் வாடை வேறு. வண்டியை மலை ஓரமாக ஒதுக்கி, பானட்டைத் திறந்து பேட்டரி லக்கை (ஒயர் முனையில் இருக்கும் உலோக மாட்டி) கழற்றிய பிறகுதான் மூச்சு வந்தது.

அது அப்பா டாக்ஸி ஓட்டிய அம்பாசிடர் மார்க் 2. காலையில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே ஒயர் நுழையும் ஓட்டையில் கிராமெட் என்ற ரப்பர் வளையம் இல்லை. தகரத்தின் விளிம்பு வருஷக்கணக்கில் உரசி உரசி, பிரவுன் ஒயரின் தோலைச் சீவியிருந்தது. இந்த வண்டிகளில் மொத்தமே இரண்டு கண்ணாடி ஃபியூஸ்தான். ஹெட்லைட் இரண்டில் எதிலும் சேராது. அதனால் ஃபியூஸுக்குப் பதிலாக ஒயரே எரிந்திருக்கிறது.

எரிந்த இடத்தை வெட்டி ஒட்டுப் போட்டிருக்கலாம். ஆனால் டேப்பைப் பிரித்து எண்ணிப் பார்த்தால் ஏற்கெனவே இருபத்து மூன்று ஒட்டு. முப்பத்தொரு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். மோட்டார் எரிந்த இடங்களில் பாதிக்கு மேல் ஜாயிண்டில்தான் கோளாறு பார்த்திருக்கிறேன். முழுசாக மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும், நாலு மாதம் ஆனது.

பழைய ஒயரைக் கழற்றுவதற்கு முன்னால் வரைய வேண்டும். இதில் அவசரப்பட்டால் பின்னால் அழ வேண்டியிருக்கும். முதலில் பேட்டரியின் எர்த் லக்கை, அதாவது பாடியோடு இணைந்திருப்பதை, கழற்றுங்கள். அதைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி வராது. பேட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது என்றும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வார்ப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பிறகு ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே நம்பர் ஒட்டி, நோட்டில் எழுதுங்கள். மாஸ்கிங் டேப் எங்கள் ஊர் ஈரத்தில் இரண்டே நாளில் உதிர்ந்துவிட்டது. மெடிக்கல் பிளாஸ்டரில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது கடைசி வரை நின்றது.

நோட்டு எழுதியது என் பெண். கீழே படுத்துக்கொண்டு நான் நிறம் சொல்ல, அவள் டார்ச் அடித்துப் பார்ப்பாள்.

"அப்பா, இது ரெண்டுமே பச்சையில வெள்ளைக் கோடுதானுங்களே?"

"இல்ல கண்ணு, ஒண்ணு பச்சையில செவப்பு. மேல வெளுத்துப் போயிருக்கும். கிளிப்புக்கு அடியில தள்ளிப் பாரு, அங்க நெறம் அப்படியே இருக்கும்."

அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் கார் வழி வந்த வண்டி. அதனால் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஒயர் நிற முறையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பிரவுன் பேட்டரியிலிருந்து நேராக வரும் மெயின். வெள்ளை இக்னிஷன் சாவிக்குப் பிறகு. பச்சை சாவியும் ஃபியூஸும் தாண்டி வருவது. ஊதா எப்போதும் உயிரோடு இருக்கிற ஃபியூஸ் லைன், ஹாரனுக்குப் போவது. நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்பு டிம். சிவப்பு பார்க்கிங் லைட்டும் பின் லைட்டும். பச்சையில் சிவப்பு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளை வலது, பச்சையில் ஊதா பிரேக் லைட். கறுப்பு எர்த். கோயம்புத்தூரில் எனக்கு எல்லா நிறமும் கிடைக்கவில்லை. அடிப்படை நிறத்தையாவது மாற்றாமல் வாங்கி, முனையில் நம்பர் ஸ்லீவ் போட்டேன். கிடைத்த ஒரே நிறத்தில் எல்லாவற்றையும் இழுத்துவிடாதீர்கள். பத்து வருஷம் கழித்து அந்த பானட்டைத் திறப்பவரும் ஒரு மனிதர்தானே.

பழைய வயரிங் கிட்டை, அதாவது ஒயர்க் கட்டை, வெட்டாமல் முழுசாக உருவி, பிளைவுட் பலகையில் விரித்து, வளைவுக்கு வளைவு ஆணி அடித்துக்கொண்டேன். புது ஒயரை அந்த ஆணிகளைச் சுற்றி இழுத்தால் நீளம் தானாக வந்துவிடும். ஒவ்வொரு முனையிலும் ஒரு சாண் கூடுதலாக விடுங்கள். இன்னொன்று, கோத்தகிரி காலைக் குளிரில் பிவிசி விறைத்துக்கொண்டு வளையவே வளையாது. சுருளை வெயிலில் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன், சொன்ன பேச்சைக் கேட்டது.

ஒயர் கனம் பற்றிக் கொஞ்சம் கணக்கு. வீட்டு வயரிங் ஒயர் வேண்டாம், எஞ்சின் சூடும் ஆயிலும் தாங்குகிற, பல இழை உள்ள ஆட்டோ ஒயர் வாங்குங்கள். 60/55 வாட் பல்ப் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 10 ஆம்பியர் ஓடும். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை 5 மீட்டர் இழுத்தால் அதிலேயே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் அது சின்னதாகத் தெரியும், ஆனால் வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். பனியில் அந்தக் கால் பங்குதான் ரோட்டு ஓரத்தைக் காட்டுவது. 2.5 போட்டால் இழப்பு 0.35-க்கு இறங்கும். ஹெட்லைட்டுக்கு 2.5, இண்டிகேட்டர், பார்க்கிங், மீட்டர்களுக்கு 1, ஹாரனுக்கும் வைப்பருக்கும் 1.5 என்று போட்டேன். மெயின் பிரவுன் 6.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டர் வைப்பதாக இருந்தால் இந்த மெயினைக் கனமாக்காமல் விடவே கூடாது. நெகட்டிவ் எர்த்தும் ஆக்க வேண்டும். நான் மாற்றிவிட்டேன். பனியில் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது டைனமோ சார்ஜே ஏற்றாது, லைட்டும் வைப்பரும் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும்.

ஃபியூஸ் காப்பாற்றுவது பல்பை அல்ல, ஒயரை. அதனால் ஒயர் தாங்குவதைவிடக் குறைவான ஃபியூஸ் போடுங்கள், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில். எட்டு வழி பிளேடு ஃபியூஸ் பாக்ஸ் ஒன்று போதும். ஹை பீமுக்கும் டிம்முக்கும் தனித்தனி 15 ஆம்பியர் கொடுத்தால் ஒன்று போனாலும் மற்றது எரியும். இரண்டுக்கும் தனித்தனி ரிலே, அதாவது சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச். அதன் முனைகளில் எண் இருக்கும்: 30-க்கு ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87-இலிருந்து லைட், 86-க்கு காலால் மிதிக்கும் பழைய டிம் சுவிட்சிலிருந்து வரும் ஒயர், 85 எர்த். அந்தப் பழைய சுவிட்ச் இனி ரிலேயைத் தூண்டும் சிறு கரண்டை மட்டும் சுமக்கும்.

முனைகளில் லக்கை நல்ல கிரிம்பிங் பிளையரால் அழுத்துங்கள். சோல்டர் வைத்தால் உறுதி என்று நினைப்போம். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துவிடும், அது முடியும் இடத்தில் வண்டியின் அதிர்வில் ஒயர் ஒடியும். கிரிம்ப் செய்ததும் பிடித்து இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு வந்தால் வெட்டிவிட்டு மறுபடி. மேலே உள்பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஷ்ரிங்க் ஸ்லீவ். நடுவழியில் ஒட்டே இருக்கக் கூடாது.

தகரத்தில் நுழையும் ஒவ்வொரு ஓட்டைக்கும் கிராமெட். ஒரு சாணுக்கு ஒரு கிளிப். கனெக்டருக்குள் போகும் முன் ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போய்விடும்.

எங்கள் மலையில் பழைய வண்டிகளின் லைட் வியாதி பெரும்பாலும் எர்த்தில்தான் இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் பின் லைட் மங்குகிறதா, இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து பல்பும் சிமிட்டுகிறதா? எர்த் துரு பிடித்துவிட்டது. விளக்கின் ஸ்க்ரூவை நம்பாமல், ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கறுப்பு ஒயர் இழுத்து, முன்னால் ஓர் இடம், டிக்கியில் ஓர் இடம் என்று போல்ட் போட்டேன். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பெயிண்ட் போகத் தேய்த்து, இறுக்கிய பிறகு வாசலின் தடவினேன். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் பாடிக்கும் நடுவே பின்னல் ஸ்ட்ராப் அவசியம். அது இற்றுப்போனால் செல்ஃப் (எஞ்சினைக் கிளப்பும் மோட்டார்) இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சிவக்கும்.

எல்லாம் மாட்டியதும் பேட்டரியை நேராக இணைத்துவிடாதீர்கள். எர்த் லக்குக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே ஒரு 21 வாட் பிரேக் பல்பைத் தொடராக வையுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தாலும் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது. ஒயர் எரிவதற்குப் பதில் பல்ப் பளிச்சென்று எரியும். எல்லா சுவிட்சும் ஆஃப், பல்ப் இருட்டு, அப்படியானால் சரி. அதன் பிறகு ஒவ்வொரு ஃபியூஸாக மாட்டி, ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். பார்க்கிங் லைட் போட்டால் அந்த லைட்டும் இந்த பல்பும் இரண்டுமே மங்கலாக எரிய வேண்டும். எனக்குப் பார்க்கிங் லைட் எரியவே இல்லை, பல்ப் மட்டும் முழு வெளிச்சம். தேடிப் போனால், நம்பர் பிளேட் லைட்டின் ஸ்க்ரூ சிவப்பு ஒயரைத் துளைத்து நின்றது. நான் போட்ட ஸ்க்ரூதான். இந்த பல்ப் இல்லாமல் இருந்திருந்தால் ஃபியூஸ் மட்டும் போயிருக்கும், கோளாறு எங்கே என்று தேட அரை நாள் ஆகியிருக்கும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் என் பெண்ணும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த பல்ப் மங்கி பின் லைட் எழுந்ததும் கை தட்டினார்கள்.

செல்ஃபை மட்டும் பல்பை எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் சுற்றி வருகிறதா என்று பாருங்கள். ஹெட்லைட் எரியும்போது விளக்கின் எர்த்துக்கும் பேட்டரி எர்த்துக்கும் நடுவே மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் போல்ட்டை மறுபடி தேயுங்கள்.

ஒரு மாதம் ஓட்டிய பிறகு எல்லா ஸ்க்ரூவையும் ஒரு தடவை இறுக்குங்கள், புது முனைகள் கொஞ்சம் தளரும். என் பெண் எழுதிய படத்தை லேமினேட் செய்து, இரண்டு உபரி ரிலே, ஃபியூஸ்களோடு டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். அரவேனு பக்கம் நடுராத்திரியில் நின்றாலும், டார்ச் இருந்தால் போதும்.