அலுவலகத்தில் பழைய பேட்டரி சேகரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு அலுவலகங்களில் பழைய பேட்டரி சேகரிக்க முடிவெடுத்ததும் முதலில் பெட்டியைத்தான் வாங்குகிறார்கள். நிரம்பிய பெட்டியை யார் வந்து எடுத்துப்போவது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதற்குள் பெட்டி மூலையில் கிடந்து, ஒருநாள் மற்ற குப்பையோடு சேர்ந்து வண்டியேறிவிடும். பெரும்பாலான ஏற்பாடுகள் கெடுவது இந்த இடத்தில்தான்.

2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை பேட்டரிகளுக்கும் பொருந்தும். அதற்கு முந்தைய 2001 விதிகள் ஈய அமில பேட்டரிகளுக்கு மட்டுமே. பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டியது பேட்டரியைத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர் பொறுப்பு. பயன்படுத்துபவர் அதை மற்ற குப்பையோடு கலக்காமல் உரியவரிடம் சேர்க்க வேண்டும். ஆகவே பதிவுபெற்ற ஒரு மறுசுழற்சி நிறுவனத்தோடு முதலில் பேசுங்கள். பென்சில் செல் எடுப்பார்களா, குறைந்தது எத்தனை கிலோ சேர்ந்தால் வருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஈயத்துக்கு நல்ல விலை உண்டு, பென்சில் செல்லுக்குப் பெரிதாக இல்லை. "பேட்டரி எடுப்போம்" என்று பொதுவாகச் சொல்பவர் ஈயம் உள்ள யூபிஎஸ் பேட்டரியை மட்டும் தூக்கிக்கொண்டு போக வாய்ப்புண்டு. சின்ன அலுவலகத்தில் எடை சேராது. ஒரே வளாகத்தில் இருக்கும் துறைகள் சேர்ந்து ஒரே ஏற்பாடாகச் செய்துகொள்வது நல்லது.

அடுத்தது பொறுப்பு. ஆர்வமுள்ள ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால், அவர் மாறுதலில் போன அன்றே எல்லாம் நின்றுவிடும். ஆள் பெயரில் விடாமல் இருக்கையின், அதாவது அந்தப் பணியிடத்தின் பெயரில் பணிப் பகிர்வு ஆணையில் சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் பொறுப்பு ஒப்படைக்கும்போது பெட்டியும் பதிவேடும் சேர்ந்தே கைமாறும்.

பாதுகாப்பில் நடக்கும் பெரிய தவறு, தீர்ந்த பேட்டரியில் ஒன்றும் இல்லை என்று நினைப்பது. கூட்ட அரங்கின் கார்ட்லெஸ் மைக்கிலிருந்து கழற்றிய 9 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். இரண்டு முனையும் ஒரே பக்கத்தில், விரல் அகலத்துக்குள் இருக்கும். மைக்குக்குப் போதாத மின்சாரம்தான், ஆனால் ஒரு ஜெம் கிளிப் இரண்டு முனையிலும் பட்டால் அதைச் சூடாக்கப் போதும். பக்கத்தில் காகிதம் இருந்தால் பற்றிக்கொள்ளலாம். அதனால் 9 வோல்ட், பட்டன் செல், லித்தியம் எதுவானாலும் முனையில் டேப் ஒட்டிய பிறகே உள்ளே போட வேண்டும். கணினியின் மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல்லை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாமல், செலோ டேப்பில் தனித்தனியாக ஒட்டி வையுங்கள். டேப் சுருளையும் ஒரு கயிற்றில் பெட்டியோடு கட்டிவிடுங்கள். தேடிப் போக வேண்டியிருந்தால் யாரும் ஒட்ட மாட்டார்கள். அப்புறம், இரும்புப் பெட்டி வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும்.

உப்பிய லித்தியம் பேட்டரி இந்தப் பெட்டிக்குள் போகவே கூடாது. அழுத்தாமல், துளைக்காமல், உலர்ந்த மணல் போட்ட வாளியில் வைத்து, கட்டடத்துக்கு வெளியே நிழலில் தனியாக வைத்துவிட்டு, எடுத்துப்போகச் சொல்லி உடனே தகவல் கொடுங்கள்.

பெட்டி வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். பதிவறை, மாடிப்படி அடி, வெயிலோ மழைச் சாரலோ படும் வராந்தா எல்லாம் ஆகாது. ஸ்டோரில் புது செல் வழங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, பழையதைக் கொடுத்தால்தான் புதியது என்று ஆக்கிவிட்டால் அறிவிப்புப் பலகையே தேவைப்படாது. ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, பள்ளி என்றால் பெட்டி குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டோடு இருக்கட்டும். விழுங்கிய பட்டன் செல் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கும்.

யூபிஎஸ் பேட்டரி வேறு கதை. அது இருப்புப் பதிவேட்டில் இருக்கும் பொருள், கழிவு நீக்க ஆணை வராமல் வெளியே போகாது. ஆணை வந்ததும் உடைந்த நாற்காலி, மேசையோடு சேர்த்து அதிக விலை கேட்டவருக்கு ஏலம் விடுவது பழக்கம். அப்படிப் போன பேட்டரி ஏதாவது கொல்லைப்புறத்தில் உடைக்கப்பட்டு, அமிலம் மண்ணிலும் ஈயப்புகை பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் உடம்பிலும் சேரலாம். செனகல் நாட்டில் டாக்கர் நகரை ஒட்டிய தியாரோய் சுர் மேர் பகுதியில் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரித்ததால் 2007-08இல் 18 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே எடைக்கு எடை நல்ல காசு கிடைத்தது என்பதுதான் காரணம். ஏலத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் மட்டும் கலந்துகொள்ள வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். அதைவிட நல்லது, புதிய யூபிஎஸ் பேட்டரிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே பழையதைத் திரும்ப எடுக்கும் நிபந்தனையையும் சேர்த்துவிடுவது.

தூய்மைப் பணியாளரிடம் இதைப் பற்றிச் சொல்லாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. பெட்டியைக் கடைசியில் கையால் தொடுபவர் அவராகத்தான் இருப்பார். கசிந்த செல்லை வெறும் கையால் எடுக்கக் கூடாது, கையுறை வேண்டும், எதையும் குப்பை வண்டியில் போடக் கூடாது என்று நேரில் சொல்லிவிடுங்கள். கையுறையை அலுவலகமே வாங்கித் தர வேண்டும்.

ஒவ்வொரு முறை எடுத்துப்போகும்போதும் எடை போட்ட ரசீது வாங்கிப் பதிவேட்டில் ஒட்டுங்கள். தணிக்கையில் கேட்டால் காட்ட ஆதாரமாகும், அடுத்த முறை எப்போது அழைக்கலாம் என்ற கணக்கும் அதிலிருந்தே கிடைக்கும்.