ஒருநாள் மலைநடைக்குக் குழுவை அழைத்துச் செல்வது எப்படி

பதினைந்து பேரைக் காலையில் காட்டுக்குள் அழைத்துச் சென்று, இருட்டுவதற்குள் அந்தப் பதினைந்து பேரையும் மீண்டும் வேனில் ஏற்றுவதுதான் ஒருங்கிணைப்பாளரின் வேலை. உச்சியைத் தொடுவதும் படம் எடுப்பதும் அதற்குப் பின்னால் வருபவை. இந்த வேலையில் பெரும்பகுதி கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரங்களிலேயே முடிந்துவிடுகிறது. சென்னையிலிருந்து நண்பர்களையும் அலுவலகத் தோழர்களையும் சில ஆண்டுகளாக அழைத்துச் சென்ற அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றிருந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கி, 40 பாதைகளை இணையவழி முன்பதிவுக்குத் திறந்துவிட்டது. அந்தந்தப் பகுதி மக்களே அவற்றில் வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பாதைகளை மூடிவைப்பது வழக்கம் என்பதால், நாள் குறிப்பதற்கு முன் பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘உள்ளூர்க்காரர் ஒருவரைத் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார்’ என்று யாராவது சொன்னால், அந்தப் பயணத்தை நீங்கள் ஏற்று நடத்தாதீர்கள்.

புதியவர்கள் நிறைந்த குழுவுக்கு, திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகேயுள்ள குடியம் குகைகளையே நான் பரிந்துரைப்பேன். செங்குத்தான ஏற்றம் குறைவு; சென்னையிலிருந்து போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம். ஆனால் அது புதர்க்காடு. நிழல் குறைவு என்பதால், தூரத்தைவிட வெயில்தான் ஆளைச் சாய்க்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை அங்கு நடப்பது சுகம்.

அடுத்தது நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் கைகொடுக்கிறது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எட்டு கிலோமீட்டர் நடையில் 300 மீட்டர் ஏற்றம் இருந்தால் ஏறத்தாழ இரண்டு மணி ஆறு நிமிடம் ஆகிறது. இது நன்றாக நடக்கப் பழகிய ஒருவருக்கான கணக்கு. பழகியவரும் பழகாதவரும் கலந்த நம் குழுவுக்கு அதை இரட்டித்து நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வேன். சாப்பாடும் ஓய்வும் தனி. இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது வேனுக்கு வந்து சேரும்படி பின்னோக்கிக் கணக்கிட்டு, ‘இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்’ என்று ஒரு நேரத்தைக் குறித்து, முந்தைய நாளே எல்லோருக்கும் அறிவித்துவிடுங்கள். இலக்கு கண்ணுக்கெதிரே தெரியும்போது அந்த முடிவை எடுக்க யாருக்கும் மனம் வராது.

ஆட்களைச் சேர்ப்பதில் கூச்சம் பார்க்கக் கூடாது. மூச்சிரைப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி, சாப்பிடும் மாத்திரைகள், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை எல்லோர் முன்னிலையிலும் கேட்காமல், ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ‘ஜிம்முக்குப் போகிறேன்’ என்ற பதில் போதாது; தொடர்ந்து இரண்டு மணி நேரம் கடைசியாக எப்போது நடந்தீர்கள் என்று கேளுங்கள். வேன் வாடகையையும் கட்டணத்தையும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து முன்கூட்டியே வசூலித்துவிடுவது நல்லது. பணம் கட்டாதவர்கள் விடியற்காலை நாலரை மணிக்குப் போனை எடுப்பதில்லை.

காலணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை எங்களுடன் வந்த நண்பர், பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்த விலையுயர்ந்த ஷூவைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு மணி நேரத்திற்குள் வலது காலின் அடிப்பாகம் முதலை வாயைப் போலப் பிளந்துகொண்டது. ஒட்டியிருந்த பசை காய்ந்து பொடியாகியிருந்தது. பையிலிருந்த நைலான் கயிற்றை அடிப்பாகத்தோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றிக் கட்டி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இறுக்கி, ஒருவழியாகக் கீழே இறக்கினோம். புது ஷூவானாலும் பழைய ஷூவானாலும், பயணத்துக்கு முந்தைய வாரம் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு நாளாவது நடந்து பார்க்கச் சொல்லுங்கள். கயிறு அன்றுமுதல் என் பையைவிட்டு இறங்கியதில்லை.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். வழியில் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் கலந்தால் போதும். மதியத்துக்குத் தயிர்சாதத்தைவிடப் புளியோதரை தாங்கும். இடையில் கொறிக்கக் கடலைமிட்டாய்.

நடக்கும்போது வழிகாட்டி முன்னால் செல்வார். ஒருங்கிணைப்பாளர் கடைசி ஆளாக வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிக்கல் எப்போதும் வரிசையின் வாலில்தான் தொடங்குகிறது: கால் பிசகுவதும், தலைசுற்றுவதும், அதை வெளியே சொல்ல வெட்கப்படுவதும் அங்கேதான். மெதுவாக நடப்பவரை இரண்டாம் ஆளாக முன்னே விட்டால், அவரது வேகமே குழுவின் வேகமாகிவிடும். பாதை பிரியும் இடங்களிலெல்லாம் கடைசி ஆள் வரும்வரை நிற்பது சட்டமாக இருக்கட்டும். முன்னால் போனவர்கள் பத்து நிமிடம் இளைப்பாறி, பின்னால் வந்தவர் சேர்ந்த உடனே கிளம்பிவிடும் வழக்கம் பல குழுக்களில் உண்டு. களைத்தவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. ஆகவே கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகே ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்குங்கள்.

குடியம் போன்ற இடங்களில் பாறைக் குடைவின் கூரையில் மலைத்தேனீக்களின் கூடுகள் தொங்கும். வாசனைத் திரவியம் வேண்டாம், புகை வேண்டாம், கூச்சல் வேண்டாம் என்று வேனிலேயே சொல்லிவிட வேண்டும். குகை வாசலில் நின்று உரக்கச் சொன்னால் அதுவே கூச்சல். தரையில் கிடக்கும் கற்களையும் எடுக்கவிடாதீர்கள். நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் இதற்கு அருகில்தான் இருக்கிறது; சாதாரணக் கூழாங்கல் என்று பையில் போடுவது ஒரு கைக்கோடரியாகவும் இருக்கலாம். அவற்றைப் பார்க்க ஆசைப்படுபவர்களைத் திரும்பும் வழியில் பூண்டி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம்.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ, இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். வெயிலில் ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினாலோ தடுமாறினாலோ அதை வெறும் களைப்பென்று விட்டுவிடாமல், உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, உதவிக்கு அழையுங்கள். காட்டுக்குள் கைபேசிச் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், பாதையின் எந்த இடம்வரை சிக்னல் இருந்தது என்பதை ஏறும்போதே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் இருக்கும் ஒருவரிடம் பெயர்ப்பட்டியல், பாதை, திரும்பும் நேரம் மூன்றையும் கொடுத்து, குறித்த நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் தகவல் இல்லையென்றால் யாரை அழைப்பது என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேனுக்குத் திரும்பியதும் தலைகளை எண்ணுங்கள். ‘எல்லாரும் வந்தாச்சா’ என்று பொதுவாகக் கேட்காமல், பட்டியலை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு குப்பைப் பையைக் கட்டி ஏற்றி, ஊரில் காத்திருப்பவருக்கு ‘இறங்கிவிட்டோம், பதினைந்து பேர்’ என்று செய்தி அனுப்பிவிட்டு, ஓட்டுநரை வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.