நாசிக் ஒயின்களைச் சுவைத்து மதிப்பெண் இடுவது எப்படி?

நாசிக் நகருக்கு வெளியே கங்காபூர் ஏரியின் பக்கமாகச் சென்றால், ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று ஒயின் ஆலைகளைப் பார்த்துவிட முடியும். ராஜீவ் சாமந்த் 1990களின் இறுதியில் தம் சூலா ஒயின் நிறுவனத்துக்காக இங்கே செனின் பிளாங்க், சோவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் திராட்சைக் கொடிகளை நட்டார். அதன் பிறகு யார்க், சோமா என்று பல ஆலைகள் தோன்றின. அவற்றில் பெரும்பாலானவை வருவோர்க்குச் சுவைக்கும் அறைகளை அமைத்திருக்கின்றன. ஆனால் அரைமணி நேரத்தில் ஆறு கிளாஸ்களைக் காலி செய்துவிட்டு வெளியே வருபவரிடம் எது எப்படி இருந்தது என்று கேட்டால், 'சிவப்பு நன்றாக இருந்தது' என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. சட்டப்படி மது அருந்தும் வயதை எட்டி, சுவைத்ததை ஒப்பிட்டுக் குறித்துவைக்க விரும்புபவர்களுக்காகவே இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

காலை பதினொரு மணியளவில், வயிறு முற்றிலும் காலியாகவும் நிரம்பியும் இல்லாத வேளையில் செல்வது நல்லது. அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் காபியும் வெற்றிலையும் வேண்டாம். வாசனைத் திரவியமும் தலையில் மல்லிகைச் சரமும் உங்கள் மூக்கை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரின் மூக்கையும் கெடுக்கும். இங்கே அறுவடை ஐரோப்பாவைப் போலச் செப்டம்பரில் நடப்பதில்லை. மழை ஓய்ந்தபின் கவாத்து செய்யப்பட்ட கொடிகளில் குளிர்காலத்தில் பழம் முதிர்ந்து, ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கப்படுகிறது. அந்த மாதங்களில் சென்றால் பழம் பிழியப்படுவதையும் பார்க்கலாம். கிளாஸில் ஊற்றப்படுவது பெரும்பாலும் அதற்கு முந்தைய ஆண்டுகளின் ஒயின் என்பதால், லேபிளில் உள்ள ஆண்டை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றிலும் 50 மில்லிலிட்டர் போதும். ஆறு ஒயின்களையும் விழுங்கினால் அது 300 மில்லிலிட்டர், அதாவது ஒரு பாட்டிலில் ஐந்தில் இரண்டு பங்கு. நான்காவது கிளாஸுக்குமேல் நீங்கள் இடும் மதிப்பெண்ணை நீங்களே நம்ப முடியாது. ஆகவே துப்புவதற்கு ஒரு கிண்ணம் கேட்டு வாங்குங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது கூச்சமாக இருக்கும், ஆனால் உலகெங்கும் தொழில்முறைச் சுவைஞர்கள் துப்பத்தான் செய்கிறார்கள். துப்பினாலும் சிறிது உள்ளே போகும் என்பதால், திரும்பும்போது வண்டியை வேறொருவர் ஓட்டட்டும். நுரைக்கும் ஒயின், இனிப்பில்லாத வெள்ளை, இளஞ்சிவப்பு நிற ரோசே, சிவப்பு, கடைசியில் பழம் நன்கு முதிர்ந்தபின் பறித்துச் செய்யும் தாமத அறுவடை செனின் போன்ற இனிப்பு ஒயின் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். இனிப்பை முதலில் சுவைத்தால் பின்னால் வருவதெல்லாம் புளித்துப்போனதாகத் தோன்றும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் தர வேண்டும் என்ற பழைய விதி ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்கானது. ஏப்ரல் மாத நாசிக்கில் அந்த விதியைப் பின்பற்றினால் ஆல்கஹாலின் காரமே மேலோங்கும். 16 முதல் 18 டிகிரியே சிவப்புக்கு ஏற்றது.

நிறத்தைப் பார்ப்பதற்கு ஒரு வெள்ளைத் தாள் போதும். கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள்: சிவப்பு ஒயின் வயதாக ஆக ஊதாவிலிருந்து செங்கல் நிறத்துக்கு நகரும், வெள்ளை ஒயின் பொன்னிறமாகும். இதில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை.

மணம்தான் முக்கால் பங்கு வேலை. கிளாஸை அசைக்காமல் ஒருமுறை, சுழற்றியபின் ஒருமுறை முகருங்கள். முதல் எண்ணத்தை உடனே எழுதுங்கள். பணியாளர் விளக்கம் சொல்வதற்கு முன்பே எழுதுங்கள். ஓர் ஆலையில் ஊற்றியவர் 'செர்ரி, பிளாக்கரண்ட்' என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டதால், பிளாக்கரண்ட் பழத்தை வாழ்நாளில் பார்த்தே இராத நாங்கள் எட்டுப் பேரும் ஒரே குரலில் ஆமாம் என்று தலையாட்டினோம். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் நோபிள் 1980களில் வகுத்த மணச்சக்கரம், அதாவது ஒயின் மணங்களை வகைப்படுத்திக் காட்டும் வட்ட வரைபடம், பயனுள்ளதுதான். ஆனால் அதிலுள்ள பழங்கள் பல நம் சந்தையில் இல்லை. ஆங்கிலக் குறிப்புகளில் வரும் கூஸ்பெரியை நெல்லிக்காய் என்று மொழிபெயர்ப்பது தவறு. அது வேறு பழம்.

ஆகவே நம் சமையலறையிலிருந்தே சொற்களை எடுப்பது சரியான வழி என்பது என் கருத்து. இது வெறும் ஊர்ப்பற்று அல்ல. சோவிஞான் பிளாங்கில் வீசும் கொய்யா, தாட்பூட் பழம் ஆகியவற்றின் மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் அந்தப் பழங்களிலும் உள்ளன. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற சேர்மம் மிளகிலேயே இருப்பது. கேபர்னே சோவிஞான் என்ற இன்னொரு சிவப்பு ஒயினில் வரும் குடைமிளகாய் வாடையும் அப்படித்தான். பன்னீர் மணத்துக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைவிட நல்ல உவமை கிடையாது, ஏனெனில் அதுவே அந்த மணத்துக்குப் பேர்போன மஸ்கட் என்ற ஒயின் திராட்சை இனத்தைச் சேர்ந்தது. புறப்படுவதற்கு முன் வீட்டில் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், கொய்யா, எலுமிச்சைத் தோல், வெல்லப்பாகு ஆகியவற்றைக் கண்ணை மூடி முகர்ந்து பழகுங்கள். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் அது தக்கையால் வந்த கெடுதல். நகப்பூச்சு அகற்றும் திரவத்தின் நெடியோ வினிகர் நெடியோ வந்தாலும் பிழைதான். அத்தகைய கிளாஸுக்கு மதிப்பெண் இடாமல் வேறு பாட்டிலைத் திறக்கச் சொல்லலாம்.

வாயில் ஒரு மடக்கை எடுத்து, நாக்கு முழுவதும் படும்படி ஐந்து விநாடி வைத்திருங்கள். புளிப்பு இருந்தால் உமிழ்நீர் ஊறும். இனிப்பைக் கணிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனெனில் பழமணம் இனிப்பைப் போலவே நடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவையுங்கள். அப்போதும் இனித்தால் அது சர்க்கரை, மறைந்துவிட்டால் மணம். அடுத்தது டேனின், அதாவது திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஒயினுக்கு வரும் துவர்ப்புப் பொருள். ஆங்கிலத்தில் இதை விளக்கப் பெரும்பாடு படுகிறார்கள், நமக்கோ அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பு இருக்கிறது. உமிழ்நீரிலுள்ள புரதங்களை டேனின் பற்றிக்கொள்வதால் வாய் வறள்கிறது. அந்தத் துவர்ப்பு முதிர்ந்த நாவல்பழத்தினுடையதா, வாழைப்பூவினுடையதா, அதிகம் கொதித்த தேயிலையினுடையதா என்று பிரித்துச் சொல்லப் பழகினால், சிவப்பு ஒயின் குறிப்புகளில் பாதி எழுதி முடிந்தது. துப்பியபின் சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்பதையும் மனத்துக்குள் எண்ணுங்கள்.

அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பரப்பிய 100 மதிப்பெண் முறை உண்மையில் 50இலிருந்தே தொடங்குகிறது. வீட்டு நோட்டுக்கு, டேவிஸ் பல்கலைக்கழகம் உருவாக்கியதைப் போன்ற 20 மதிப்பெண் முறையே கையடக்கமானது. நான் நிறத்துக்கு 2, மணத்துக்கு 6, வாய்ச்சுவையின் சமநிலைக்கு 8, நீடிப்புக்கு 4 என்று பிரிக்கிறேன். நிறத்துக்கு இவ்வளவு குறைவாகத் தருவதற்குக் காரணம் உண்டு: பிரான்ஸின் போர்தோ நகரில் ஒயின் பயிலும் 54 மாணவர்களிடம் சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள் என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. விலையை மதிப்பெண்ணுக்குள் நுழைக்காமல் பக்கத்தில் தனியாக எழுதுங்கள்.

மதிப்பெண் இட்ட ஒயின்களில் முதல் மூன்றை வாங்கிவந்து, வீட்டில் பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி, வேறொருவரை ஊற்றச் சொல்லி மறுபடி சுவையுங்கள். அவற்றில் ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் இரண்டு கிளாஸ்களில் ஊற்றச் சொல்லுங்கள். கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஒயின் தயாரிப்பாளர் இதைத்தான் செய்தார்: ஒரே பாட்டிலை நடுவர்களுக்கு மூன்று முறை கொடுத்ததில், ஏறத்தாழப் பத்தில் ஒருவரே சீராக மதிப்பிட்டார். உங்கள் இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே இரண்டு புள்ளி வேறுபாடு இருந்தால், அதே இரண்டு புள்ளி வேறுபாட்டை வைத்துக்கொண்டு ஓர் ஆலையை மற்றொன்றைவிட மேலானது என்று நோட்டில் எழுத வேண்டாம்.