கயாக்கில் தூண்டில் போடப் போகிறீர்களா? முதலில் நங்கூரத்தைக் கவனியுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரில் இருந்து தெலுக் பாத்திக் கடற்கரைக்குக் காரில் முக்கால் மணி நேரம் போதும். செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த நம் பையன்கள் வாய்க்காலிலும் குட்டையிலும் தூண்டில் போட்டுப் பழகியவர்கள், அவர்களுக்கு மீன் பிடிக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கயாக்கில் உட்கார்ந்து கடலில் பிடிப்பதுதான் வேறு கணக்கு. நீந்தத் தெரியும், துடுப்புப் போடத் தெரியும், லைப் ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் நாளே நீர் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் பாருங்கள். நம் பக்கம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் போன வாரத்து நேரம் இந்த வாரம் உதவாது. அமாவாசை, பௌர்ணமி பக்கம் இழுப்பு அதிகம். புதியவர்கள் அஷ்டமி, நவமி, அதற்கடுத்த ஓரிரு நாளாகப் பார்த்துப் போங்கள். வீட்டில் "அஷ்டமியில் போய் புதுசா ஒண்ணு தொடங்குறியா" என்று சத்தம் வரும், என்ன செய்வது, நீரோட்டம் சாதுவாக இருப்பது அப்போதுதான்.

வானிலையும் முக்கியம். ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீரென்று காற்றும் இடியும் வரும். மேற்கே மின்னல் தெரிந்தால் கயாக்கை இறக்காதீர்கள், கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள்.

1982-ல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள், அதனால் நமக்குப் பொழுது விடிய ஏழு மணிக்கு மேல் ஆகிறது. ஆறரைக்கு இறங்கினால் இருட்டுதான். எல்லாப் பக்கமும் தெரிகிற வெள்ளை விளக்கு ஒன்று பின்னால் வேண்டும். அந்த நேரத்துக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும், போவது சுலபமாக இருக்கும், திரும்பும்போதுதான் கை வலிக்கும். விரிகுடாவை விட்டு வெளியே போகாதீர்கள். தெலுக் ரூபியா பக்கம் இரும்புத்தாது ஏற்றிய பெரிய கப்பல்கள் வரும், அந்தத் திசையே வேண்டாம்.

இப்போது நங்கூரம். நான் பார்த்தவரை புதியவர்கள் கவிழ்வது இதில்தான். கைக்கு எட்டுகிறது என்று இருக்கைக்குப் பக்கத்திலேயே கயிற்றைக் கட்டிவிடுவார்கள். நங்கூரம் அடியில் பிடித்ததும் கயாக் குறுக்கே திரும்பும், நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும், கயிறு அந்த ஓரத்தைக் கீழே இழுக்கும், அப்புறம் ஒரு சின்ன அலை போதும். கயிறு முன்முனையிலோ பின்முனையிலோ இருந்துதான் போக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து முனைக்குக் கை எட்டாது, அதற்குத்தான் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சின்னக் கப்பி, நடுவில் ஓடும் கயிறு, அதில் ஒரு வளையம். நங்கூரக் கயிற்றை வளையத்துக்குள் விட்டு, நங்கூரத்தை இறக்கி, வளையத்தை உடனே முனைக்குத் தள்ளி, பிறகுதான் கயிற்றை இறுக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது.

ஒன்றரை கிலோ மடக்கு நங்கூரம் போதும். 5 மீட்டர் ஆழத்துக்கு 20, 25 மீட்டர் கயிறு விடுங்கள், குறைத்தால் நங்கூரம் பிடிக்காமல் இழுபடும். கயிற்றின் மறுமுனையில் ஒரு மிதவை கட்டுங்கள். படகு நேராக வந்தாலோ பெரிய மீன் இழுத்தாலோ கயிற்றை அப்படியே விட்டுவிட்டுப் போய், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். கத்தியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தூண்டில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் தயாராக விற்கும் இரண்டு முள் கட்டிய தூண்டில் நூல் (இங்கே அப்போலோ என்பார்கள்), உயிர் இறால், 3000 அளவு ரீல். கெலாமா மீன் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் கெராப்பு என்கிற களவா மீன். ராடுக்கும் துடுப்புக்கும் கயிறு கட்டாவிட்டால் கடல் எடுத்துக்கொள்ளும். காற்றடிக்கும் கயாக்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், கூரான முள்ளை வைத்துக்கொண்டு ரப்பர் பையில் உட்கார எனக்கு மனமில்லை.

செம்பிலாங் என்கிற கடல் கெளுத்தி மாட்டினால் மடியில் போடாதீர்கள். முதுகிலும் இரண்டு பக்கத் துடுப்பிலும் நஞ்சு முள் இருக்கிறது. தூண்டில் முள்ளைக் குறடால் கழற்றுங்கள், முடியாவிட்டால் நூலை வெட்டிவிடுங்கள். நஞ்சு முள் குத்திவிட்டால் கரைக்கு வந்து, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், அப்படியே கிளினிக்கும் போங்கள்.

பின்சேர்க்கை: பாறையில் நங்கூரம் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். கயிற்றை நங்கூரத்தின் தலை வளையத்தில் கட்டாமல் கொக்கிகள் சேரும் அடிப்பக்கத்தில் கட்டி, தலை வளையத்தோடு ஒரு கேபிள் டையால் மட்டும் பிணையுங்கள். சிக்கும்போது பலமாக இழுத்தால் டை அறுந்து, நங்கூரம் தலைகீழாகத் திரும்பி வெளியே வரும். மெல்லிய டையாக வாங்குங்கள், தடித்தது அறுபடாது. இழுக்கும்போதும் கயாக்கில் ஓடும் கயிற்றின் வளையம் முனையில்தான் இருக்க வேண்டும்.