புளி போட்டு மினுக்க வேண்டாம்: பழங்காசு சேர்ப்பவர்கள் விடும் பிழைகள்

அம்மம்மாவின் கொட்டப்பெட்டிக்குள் 1870ஆம் ஆண்டு ஒரு சதம் ஒன்று கிடந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். செம்பு தகதகவென்று வந்தது. விக்டோரியா ராணியின் தலைமுடிக் கோடுகளும் மறுபக்கத்து மரத்தின் ஓலைக் கீற்றுகளும் மழுங்கிப்போயின. மட்டக்களப்பு நகருக்குள் பழங்காசும் முத்திரையும் விற்கும் சின்னக் கடையொன்றுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "கழுவாமக் கொண்டு வந்திருக்கலாமே தம்பி" என்றார் கடைக்கார அண்ணன். வேறொன்றும் சொல்லவில்லை.

காசு சேர்க்கத் தொடங்குகிறவர்களில் அநேகம் பேர் விடும் முதற்பிழை இதுதான். செம்புக் காசின்மேல் படியும் மண்ணிறம் அழுக்கல்ல; நூறு வருடத்துக்கு மேலாக உருவான தோல். உள்ளே இருக்கும் செம்பை அதுதான் காக்கிறது. புளி, தேசிக்காய், பிராசோ என்ற உலோக மினுக்கி எல்லாமே அந்தத் தோலை உரித்துவிடும். அதன்பிறகு வருவது செயற்கை மினுக்கம். பழகிய கண்ணுக்கு உடனே தெரியும், விலையும் அந்த இடத்திலேயே விழும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

செம்பில் படியும் பச்சைக் களிம்பிலும் இரண்டு வகை உண்டு. இறுகிப் பிடித்த கரும்பச்சையால் கேடில்லை. விரல் பட்டால் மாவாக உதிரும் இளம்பச்சைதான் ஆபத்து. உப்பும் ஈரமும் செம்போடு சேர்ந்து காசை உள்ளிருந்து தின்னும் நோய் அது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று வாழும் நமக்கு மாரி காலத்தில் இதைத் தடுப்பது பெரும்பாடு. அப்படி ஒரு காசைக் கண்டால் மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். மருந்துப் போத்தல்களுக்குள் வரும் சிலிக்கா ஜெல் பைகளை எறியாமல் காசுப் பெட்டிக்குள் போடுங்கள். ஈரம் ஊறியதும் மாற்றுங்கள். மெதுமெதுவென்று வளையும் பிவிசி உறைகளும் வேண்டாம். நாளாக நாளாக அவை கசிந்து, காசின்மேல் பச்சைப் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

பழையதெல்லாம் பெருவிலை போகும் என்ற நம்பிக்கை அடுத்தது. ஒல்லாந்தர் 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் விஓசி (VOC) என்ற எழுத்து முத்திரை பொறித்த செம்புக் காசுதான் டொயிற். நம் வாயில் புழங்கும் துட்டு என்ற சொல்லே அதிலிருந்து வந்தது என்பார்கள். இருநூற்றைம்பது வருடத்துக் காசு ஆயிற்றே என்று லட்சக் கணக்கில் கனவு காண்கிறார்கள். ஆனால் டொயிற் ஏராளமாக அடிக்கப்பட்ட காசு. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எழுத்து எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் விலை. ராமர் பட்டாபிஷேகம் பொறித்து 1818 என்று போட்ட 'ஒரு அணா'வை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பனி அப்படியொரு காசை அடிக்கவே இல்லை. முகநூலில் 'உங்கள் காசுக்கு லட்சம் தருகிறோம், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்' என்றால், கட்டணத்தோடு ஆளும் மறைந்துவிடுவார்.

நிலத்தைத் தோண்டித் தேடுவது வேறு விடயம். இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் தொல்பொருள் காணிக்காரருக்குச் சொந்தமல்ல, அரசுக்குச் சேரும். அனுமதியில்லாமல் தோண்டவும் கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

எனக்கு மிகவும் வலிப்பது வெள்ளிக் காசை நகைக்கடைத் தராசில் போடுவதுதான். 1957இல் வந்த புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் 28.28 கிராம், 92.5 வீத வெள்ளி. நிறைக்கு விற்றால் வெள்ளியின் விலைதான் கிடைக்கும், காசு உருகிப்போய்விடும். 1917ஆம் ஆண்டு ஐம்பது சதத்தில் 80 வீத வெள்ளி, 1919இல் அது 55 வீதம். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆண்டை வாசித்தால்தான் வித்தியாசம் தெரியும். முதலில் காசுக்கடைக்குப் போங்கள்.

ஆனால் அந்தக் கடையை இலவச விலை கேட்கும் இடமாக்கிவிட வேண்டாம். அரைமணி நேரம் பூதக்கண்ணாடி பிடித்து அவர் விளக்க, படம் எடுத்துக்கொண்டுபோய் இணையத்தில் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் காசை, தான் விற்கும் விலையைவிடக் குறைத்து அவர் கேட்டால் ஏமாற்று என்று கோபிக்கிறார்கள். அவர் வாங்கும் காசு வருடக் கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கலாம். அவருடைய முதல் அதற்குள் முடங்கியிருக்கும். உறையும் அல்பமும் அவரிடமே வாங்குங்கள். ஒரே காசு இரண்டு இருந்தால் ஒன்றை அவரிடம் கொடுத்து மாற்றுங்கள். நூறு ரூபாய்க் காசுக்குப் பேரம் பேச வேண்டாம். பெரிய விலைக்கு வாங்கினால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள், நல்ல வியாபாரி அதற்குக் குறை நினைக்கமாட்டார்.

2013இல் மத்திய வங்கி 25 மாவட்டங்களுக்கும் தனித்தனிப் பத்து ரூபாய்க் காசு வெளியிட்டது. போன மாதம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அம்பாறைக் காசு மட்டும் கிடைக்கவில்லை என்று அந்தக் கடை வாசலில் நின்றது. என்னிடம் இரண்டு இருந்தன. வீட்டுக்குப் போய் ஒன்றை எடுத்துவந்து அண்ணன் கையில் கொடுத்தேன். அடுத்த நாள் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைத்த இடம் வெறுமையாக இருந்தது.